இரண்டாவது அம்பு

கோட்டை மதிலில் நின்ற இளவெயினி விரலைக் கீறி, அம்பின் முனையில் தன் ரத்தத்தைத் தடவினாள். அந்தக் கோட்டைப் படையின் வில்லாளிகளுக்கு அதுதான் வழக்கம். ரத்தம் தடவி மந்திரம் ஓதிய அம்பு குறி தப்பாது. எய்தவரின் சொந்த ரத்தத்தை, பெற்றவரையும் பிள்ளையையும், மட்டும் தொடாது.

“இன்னிக்கு ரத்தம் வேணாம்மா. சும்மாவே விடு,” என்றார் அவளுடைய அப்பா, தளபதி நன்னாகன். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கீழே எதிரி அரசன் யானைமேல் வந்துகொண்டிருந்தான். அவள் மந்திரம் ஓதி அந்த அம்பையே எய்தாள். அம்பு அவன் மார்புக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்றது. பிறகு யானையின் பிடரியில் விழுந்தது. அரசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். மெதுவாகத் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு மதிலை அண்ணாந்து பார்த்தான்.

“காத்து பலமா அடிக்குதும்மா,” என்றார் நன்னாகன்.

மதில்மேல் கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

இளவெயினி இன்னோர் அம்பை எடுத்தாள். அதே விரலைப் பிதுக்கி முனையில் தடவினாள். மந்திரத்தை முணுமுணுத்தபடி அம்பை நாணில் பூட்டி, அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“அசையாம நில்லுங்கப்பா. உங்கள ஒண்ணும் செய்யாது.”

தளபதியின் கை கேடயத்தைத் தேடியது.