முதல் கைதட்டல்

"அந்த ஆளை இன்னைக்கே வேலையை விட்டு நிறுத்துங்க!"

மேக்கப் அறையே அதிர்ந்தது. நாடகக் கம்பெனி மேனேஜர் கதவோரமாக ஒதுங்கி நின்றார். கதாநாயகி கத்தும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

'அந்த ஆள்' என்றது, கம்பெனியில் எல்லோரும் 'கைதட்டி' என்று கூப்பிடும் மனிதரை. நடிக்க வந்தவர்தான், முகம் எடுபடவில்லை என்று கீழே கூட்டத்தோடு உட்கார வைத்துவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் முதலில் கைதட்டுவதுதான் அவர் வேலை. அவர் ஆரம்பித்தால் கூட்டம் பிடித்துக்கொள்ளும். நேற்று அவர் தட்டவில்லை. கூட்டமும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டது.

அதுவும் நேற்றுப் பார்த்து! நாடகக்காரர்களின் வாழ்க்கையைப் பாட்டுப் படமாக எடுக்கப்போகும் டைரக்டர், நடிக்க ஆள் தேடி வந்திருந்த நாள். சினிமாவுக்காகத் தவம் கிடந்தவளுக்கு வயிறு எரியாதா?

"கடைசி சீன்ல அழறதுக்கு கிளிசரினைத் தேடினா, அந்த பாட்டிலையும் காணோம். வறண்ட கண்ணோட கத்திட்டு வந்தேன். எல்லாருமாச் சேர்ந்து என் வாய்ல மண்ணைப் போட்டுட்டீங்க!"

அந்தக் 'கைதட்டி' தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார்.

"தட்டத்தானே சம்பளம்? கை என்ன பண்ணிட்டிருந்துச்சு?"

"கண்ணைத் துடைச்சிட்டு இருந்துச்சும்மா."

"என்னது?"

"எத்தனையோ தடவை கேட்ட பாட்டுதான். நேத்து என்னமோ அடக்க முடியல. தேம்பித் தேம்பி அழுதுட்டேன். பாட்டு முடிஞ்சதே தெரியலம்மா."

அவள் கோபம் போன இடம் தெரியவில்லை. சம்பளத்துக்குத் தட்டுகிற மனிதரையே அழ வைத்திருக்கிறாள்! பெருமையாக இருந்தது. கத்தியதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

"நின்னுட்டே இருக்கீங்களே, உட்காருங்க" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள்.

கதவு தட்டப்பட்டது. டைரக்டர்! அவள் அவசரமாகத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நேத்து நல்லாப் பாடினீங்கம்மா. ஆனா கதாநாயகிக்கு வேற பொண்ணைப் பேசி முடிச்சாச்சு" என்றார் அவர். "பொண்ணு மேடையில பாடும்போது, கீழ உட்கார்ந்து அழற அப்பா வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்காம அலைஞ்சேன். நேத்து என் பக்கத்து சீட்லயே கிடைச்சுட்டாரு!"

கைதட்டியின் தோளில் கை போட்டார். "வாங்க சார், போகலாம்."

கைதட்டி எழுந்து அவளுக்கு வணக்கம் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கிளிசரின் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு சொட்டுதாம்மா எடுத்தேன். மீதி அப்படியே இருக்கு."