ஒட்டுதல் நிபுணர்

குழந்தைகள் வார்டின் வெள்ளை விளக்கடியில், கக்குவான் இருமலில் முகம் நீலம் பாரித்துப் பேத்தி தன் அம்மா மடியில் துடிக்கிறாள். மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. இருமல் அதை மதிப்பதாக இல்லை. பக்கத்தில் தாத்தா. மாநாட்டு மேடையிலிருந்து நேராக ஓடி வந்ததில், 'கிருமி ஒட்டுதல் நிபுணர்' என்ற அட்டை இன்னும் கழுத்தில் தொங்குகிறது. வாய் சும்மா இருக்குமா? "மூக்கு, தொண்டை உள்சுவர்ல சன்னமா ரோமம் மாதிரி இருக்கும்மா. கிருமி அதுல கொக்கி போட்டுத் தொத்திக்கும். ரொம்ப அழகான அமைப்பு," என்கிறார். மகள் நிமிராமலே கேட்கிறாள்: "ஒட்டுறது இருக்கட்டும்ப்பா. கழட்டுறது எப்படி?" அவர் செருமிக்கொள்கிறார். "அது... அடுத்த கட்ட ஆய்வு." "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க, மானிட்டர் மறைக்குது," என்கிறார் நர்ஸ். நகரப் பார்க்கிறார், முடியவில்லை. அட்டையின் நாடாவைப் பேத்தி இறுகப் பிடித்திருக்கிறாள். இருமல் சட்டென்று நிற்கிறது. மூச்சு இன்னும் திரும்பவில்லை. சின்ன விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஒட்டுவதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் குனிந்து, நழுவும் நாடாவை அந்தக் கைக்குள் திரும்பத் திரும்பத் திணிக்கிறார். "விட்டுடாதடா செல்லம். பிடிச்சுக்கோ, விட்டுடாத."