அடிக்கக் கூடாத வரி

ஆசிரியர் மாசிலாமணியின் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பிடுங்கினாள் பொற்கொடி. அவளுடைய தொடர்கதையின் கடைசி அத்தியாயம் அரை மணியில் அச்சுக்குப் போக வேண்டும்.

"அந்த வரியை அடிக்காதீங்க சார்."

"வெட்டிட்டு வர்றவன், 'அக்கா, கை கழுவக் கொஞ்சம் தண்ணி குடுங்க'ன்னு கேப்பானாம்மா? கொலைகாரன்னா ஒரு திமிர் வேணும். பேச்சுல ரத்தம் சொட்டணும். இவன் என்ன, பந்தியில சாப்பிட்டு எந்திரிச்சவனா? பதினெட்டு வருஷமா பத்திரிகை நடத்துறேன். எந்தக் கொலைகாரன் இப்படிப் பேசினான், சொல்லு பார்ப்போம்."

அவள் பேனாவை மேஜையில் குத்தினாள். முனை உடைந்தது.

"எங்க அண்ணனை வெட்டினவன். எங்க வாசல்ல வந்து என்கிட்டதான் கேட்டான். எதுக்குன்னு தெரியாம, ஒரு சொம்பு நிறையக் குடுத்தேன் சார்."