ஒரு ஜோடிக்குத்தான் இடம்

கிருபாசங்கரின் கம்பெனி மருத்துவக் காப்பீட்டில் ஒரு ஜோடியைத்தான் சேர்க்கலாம்: பெற்றோர், இல்லையென்றால் மாமனார் மாமியார். மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் சொல்லியிருந்தார்கள். அவன் அப்பாவோ ஒன்பது இட்லிக்கு அசராதவர். இருந்தாலும் கடைசி நாளின் கடைசி நிமிடத்தில் தன் பெற்றோரையே சேர்த்துவிட்டான்.

‘கம்ப்யூட்டர் தானாவே சேத்திப்போடுச்சு கண்ணு’ என்று சரவணம்பட்டி ஆபீஸிலிருந்து வீடு வரை வண்டியிலேயே ஒத்திகை பார்த்தபடி வந்தான்.

வாசலிலேயே மனைவி நந்திதா பிடித்துக்கொண்டாள். “ஏனுங்க, எங்க ஆபீஸ் காப்பீட்டுலயும் ஒரு ஜோடிதான், இன்னைக்குத்தான் கடைசி நாள். உங்கப்பா அம்மாவைச் சேத்திப்போட்டேனுங்க.”

“எங்க ஊட்டு ஆளுகளையா? அப்ப உங்கப்பா?”

“அவரைத்தான் நீங்க சேத்தியிருப்பீங்களே! ஆபரேஷன்னு தெரிஞ்சும் உட்டுருவீங்களாக்கும்?”

ஒன்பது இட்லிக்காரருக்கு இப்போது இரண்டு காப்பீடு. கிருபாசங்கர் வாயைத் திறப்பதற்குள் அவள் போனை அவன் காதில் வைத்தாள்.

“மாப்ள, அம்மணி சொல்லுச்சுங்க.” மாமனார்தான். “அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கறேனுங்க. பெத்த பையன்கூட இப்படிச் செய்யமாட்டானுங்க.”

“ஆமாங்க மாமா, செய்யமாட்டான்” என்றான் கிருபாசங்கர், தலை நிமிராமல்.