சத்தம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றத் தொடங்கியபோது பூபதிக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விடிந்தால் ஷெட்டில்தான் இருப்பான். "பேசாம இந்தக் காரையே கட்டியிருக்கலாமில்லீங்க?" என்று சுகந்தி சண்டை பிடிப்பாள். கிரீஸ் கையோடு அவன் சிரிப்பான்.

போகப் போக அவன் ஷெட்டுக்குப் போவது குறைந்தது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஒரு கதவு பாதிப் பெயின்ட்டோடு அப்படியே இருந்தது. வருமா வருமா என்று அவன் தவித்துக்கொண்டிருந்த ஜப்பான் சைலன்சரும் ஒருநாள் வந்து சேர்ந்து, வராந்தாவில் பிரிக்காமல் கிடந்தது.

"ஏனுங்க, பெட்டியப் பிரிக்கலீங்களா?"

"பிரிக்கலாம் விடு."

"உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?"

"அதெல்லாம் இல்ல. அதப் பார்த்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது."

மறுநாள் காலை சுகந்தியே பெட்டியைப் பிரித்து, சைலன்சரைத் துடைத்து ஷெட்டில் கொண்டுபோய் வைத்தாள். காரின் மேலிருந்த உறையை இழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினாள். இருமி இருமி என்ஜின் பிடித்துக்கொண்டது. ஓட்டத் தெரியாதவள், ஆக்சிலரேட்டரை முழு பலத்தோடு மிதித்தாள். தெருவே அதிர்ந்தது. முன்பெல்லாம் வேறு யாராவது வண்டியில் கை வைத்தாலே பாய்ந்து வருவான்.

பூபதி படுக்கையறை ஜன்னலுக்கு வந்தான். அவளைப் பார்த்தான். அவள் காலை எடுக்கவில்லை.

சத்தம் கேட்காதபடி அவன் ஜன்னலைச் சாத்தினான்.