அன்றைய துண்டு

ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷின் துப்பிய அட்டையை முப்பிடாதி புருஷனிடம் நீட்டினாள். எழுபது கிலோ. டாக்டர் குறைக்கச் சொன்னது ஆறு. அவள் எட்டுக் கிலோவே குறைத்திருந்தாள்.

செல்லச்சாமிக்கு அது போதவில்லை. "தினமும் அந்தச் சாக்லேட்டைத் திங்காம இருந்தா இன்னும் இறங்கியிருக்கும்லா?"

"ஒரு நாளைக்கு ஒரு துண்டுதான் திங்கேன். அதைத் தின்னுக்கிட்டேதான் எட்டுக் கிலோ குறைச்சேன்."

"ஆடி வெள்ளி வரைக்காவது வாயைக் கட்டுட்டி."

"முடியாது."

வீட்டுக்கு வந்ததும், கடையநல்லூர் சிநேகிதி கொடுத்த துபாய் சாக்லேட்டில் ஒரு துண்டை அவன் கண்ணெதிரே உடைத்து வாயில் போட்டாள்.

"ஆபரேஷன் ஆன உடம்புன்னு அண்ணாச்சி எவ்வளவு அக்கறையா சொல்லுதாக! நீங்க ஏன் மதினி இப்படி அடம் பிடிக்கீங்க?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சி. முப்பிடாதி சிரித்துக்கொண்டாள்.

ஆடி வெள்ளியன்று கோமதியம்மன் சன்னதியில் துலாபாரத் தட்டில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்த் தட்டில் செல்லச்சாமி கற்கண்டு மூட்டைகளை அடுக்கினான். ஆபரேஷன் அன்று, "இவ பிழைச்சா எடைக்கு எடை கற்கண்டு தாரேன் தாயே" என்று அழுதவன் அவன்தான்.

எழுபது கிலோவில் தட்டு சமமானது. அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நீங்க வேண்டினப்போ நான் எழுபத்தெட்டு. மிச்சம் எட்டுக் கிலோவையும் வைக்காம இறங்க மாட்டேன்" என்றாள் சன்னதியே கேட்கும்படி.

பிறகு முந்தானையில் முடிந்திருந்த அன்றைய துண்டைப் பிரித்து, நிதானமாக வாயில் போட்டுக்கொண்டாள்.