கண் போகிற பக்கம்

“அக்கா பின் சக்கரத்தைப் பாத்தாங்க மாமா. நான் கவனிச்சேன்.”

மச்சினன் சொன்னதுதான் தாமதம், பல் டாக்டர் பின் சக்கரத்தின் மேல் பாய்ந்தார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மாட்டியிருந்தார். இப்போது மறுபடியும் பிரித்தார்.

மறுநாள் ஆசைப்பட்டவர்கள் எல்லாம் சொந்த பைக்கைக் கொண்டுபோய்ப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் வாசலில் ஒரு சோதனை உண்டு. ஒரு நட்டு ஆடினாலும் உள்ளே விட மாட்டார்கள். டாக்டர் ஏற்கெனவே இரண்டு முறை வாசலோடு திரும்பியவர். மூன்றாவது முறையும் திரும்பினால் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது. அதற்குள் பைக் துருப்பிடிக்கிறதோ இல்லையோ, டாக்டர் துருப்பிடித்துவிடுவார்.

ஆகவே கார் ஷெட்டில் காலையிலிருந்து ஒரு பிரசவமே நடந்துகொண்டிருந்தது. கைப்பிடி நுனிகளில் செருகியிருந்த சைடு கண்ணாடிகள், ஸ்டாண்டு, நம்பர் பிளேட் எல்லாம் கழன்று தரையில் கிடந்தன. விழுந்தால் சில்லுகள் சிதறக் கூடாதென்று விளக்குகளுக்கு டேப் ஒட்டியாயிற்று. நோயாளிகளின் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எஞ்சினுக்கு அடியில் விட்டுப் பார்த்தாயிற்று. டூத் பிரஷ் வைத்துத் தேய்த்த தேய்ப்பில், செயினுக்கு மட்டும் வாய் இருந்திருந்தால் தானாகவே ‘ஆ’ காட்டியிருக்கும்.

ஷெட் வாசலில் நாற்காலி போட்டு, மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவளுடையது சாதாரணக் கண் இல்லை. அப்பாவின் சைக்கிள் கடையிலேயே வளர்ந்தவள். கல்யாணத்தன்று டாக்டர் வந்து இறங்கிய காரைப் பார்த்து, “இடது பின் சக்கரத்துல ஒரு நட்டு இல்லை” என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னவள்.

“ஒரே ஒரு தடவை வந்து பாரேன்” என்று டாக்டர் கெஞ்சினார். “வாயால சொல்ல வேண்டாம். தப்பு இருக்கிற இடத்துல லேசா இருமு, போதும்.”

“எனக்கு இருமல் இல்லையே.”

“கட்டின புருஷன்னு ஒரு இது இருக்கா உனக்கு?”

“அது நிறையவே இருக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

மச்சினன் டாக்டரின் காதைக் கடித்தான். “புதுக் குக்கர்ல பழைய ஆயிலைப் பிடிச்சீங்களே மாமா, அந்தக் கோபம்.”

“அது தனி வழக்கு” என்றாள் மனைவி. “பட்டாணி முடிஞ்சதும் விசாரிக்கலாம்.”

டாக்டருக்குப் பொறுக்கவில்லை. “போன தடவை எதுக்குத் திருப்பினாங்கன்னு ஞாபகம் இருக்கில்ல? பிரேக்ல ஒரு பின் இல்லைன்னு. கொசுவுக்குப் பல்லு இருந்தா அதைவிடப் பெருசா இருக்கும். மனுஷங்களுக்கு ஈவு இரக்கம் வேண்டாமா?”

“அந்தப் பின் இல்லாம பிரேக் கழண்டா, இவருக்கு முன்னாடி போறவர் என்ன பாவம் பண்ணினார்?” என்று மனைவி பட்டாணியிடம் கேட்டாள்.

வாய் திறக்காவிட்டால் என்ன, கண் திறந்துதானே இருக்கிறது. அவள் பார்வை எங்கே போகிறது என்று உளவு பார்க்க மச்சினனை நிறுத்திவிட்டு டாக்டர் ஸ்பேனரும் கையுமாகக் காத்திருந்தார். அவள் பார்த்த இடமெல்லாம் கழன்றது. சீட் மூன்று முறை கழன்றது. ஓர் ஈ பறந்து வந்து பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்தது. அவள் பார்வை ஈயோடு போனது. டேங்கையும் கழற்றிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியைத் தூக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“சுவத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணும் ஆடலை. பாக்க நிம்மதியா இருக்கு.”

மறுநாள் காலை டாக்டர் எழுந்தபோது மனைவி வீட்டில் இல்லை. மேசைமேல் ரொட்டியும் ஒரு பிளாஸ்க் காபியும் இருந்தன.

“சொல்லாமயே கிளம்பிட்டா பாரு” என்றார் டாக்டர்.

“விடுங்க மாமா. ராத்திரிக்குள்ள சரியாயிடுவாங்க” என்றான் மச்சினன்.

சோதனைக் கூடாரத்தில், வரிசையில் நின்ற பதினோரு வண்டிகளும் ஒவ்வொன்றாக உள்ளே போயின. டாக்டர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். நாலாயிரம் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் வேர்க்காத கை, குழாயைத் திறந்துவிட்டதுபோல் வேர்த்தது.

மஞ்சள் கோட்டுக்குள்ளிருந்து ஒரு டார்ச் நீண்டது. வெளிச்சம் முன் சக்கரத்தில் ஏறி, பிரேக்கில் நின்று, எஞ்சினுக்கு அடியில் புகுந்து, செயினின் ஒவ்வொரு கண்ணியாக எண்ணிக்கொண்டு பின் சக்கரம் வரை போனது. ஒரு குறையும் இல்லை. மச்சினன் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினான். டாக்டர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

அப்போது வெளிச்சம் கைப்பிடியின் நுனியில் போய் நின்றது.

“சைடு கண்ணாடியைக் கழட்டின இடத்துல ரெண்டு பக்கமும் குழாய் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கு. மூடி போடலை. விழுந்தா வயித்துல இறங்கிடும். வண்டி உள்ளே போகாது.”

டாக்டர் குனிந்து பார்த்தார். இரண்டு ஓட்டைகளும் அவரை ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்தன. ஒரு வருஷம் கண்ணெதிரே கரைந்து போயிற்று.

“இதை நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“மத்த பதினோரு பேர் வீட்டுக்கும் போய் நான் சொன்னேனா?” என்றாள் மனைவி, படிவத்தில் சிவப்பு முத்திரையைக் குத்திக்கொண்டே.